சிக்னல் கிடைக்காத ஏரி

டூர் மேனேஜர் என்றால் ஊர் சுற்றிக் காட்டுகிறவள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நான் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவள்.

குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்வந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. ஒருவருக்கு ஜன்னல் சீட் வேண்டும், ஒருவருக்கு வாந்தி வரும், ஒருவர் டீக்கடையிலேயே தங்கிவிடுவார். அந்த வேனுக்கு இறக்கை கட்டினால் அதுதான் என் பிழைப்பு. காரைக்காலில் பாதி வீட்டுக்குப் பாரிஸில் ஒரு சித்தப்பாவாவது இருப்பார். அவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து வளர்ந்த எங்கள் டிராவல்ஸ், பிறகு தானே ஆள் சேர்த்து ஐரோப்பா கூட்டிப் போக ஆரம்பித்தது.

எத்தனையோ பயணம் போயிருக்கிறேன். ஒரு கார்த்திகை மாதம் இத்தாலிக்குப் போனதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பெர்கமோ என்று குன்றின்மேல் ஒரு பழைய கோட்டை ஊர். அதற்குப் பக்கத்தில் இசேயோ என்று ஒரு பெரிய ஏரி, ஏரியைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள். கூட்டமில்லாத சீசன், அதனால் கட்டணம் குறைவு. குளிரும் மூடுபனியும் இலவசம்.

திங்கட்கிழமைதான் வேண்டும்

கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் ஆபீசுக்கு வரச்சொல்லி என்ன கொண்டுவரலாம், என்ன கூடாது என்று சொல்வது வழக்கம். திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்தும் தட்சிணாமூர்த்தி சாரும் அவர் மனைவி விசாலமும் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். குளிக்க வெந்நீர் வருமா, தயிர் கிடைக்குமா, அங்கே லாட்ஜுக்கெல்லாம் என்ன வாடகை. லாட்ஜ்காரர் இன்னொரு லாட்ஜுக்கு விருந்தாளியாகப் போவது போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது.

கடைசி நாற்காலியில் தருமபுரத்து சரோஜாக்கா இருந்தார். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக வருகிறவர். பாஸ்போர்ட்டே இந்தப் பயணத்துக்காகத்தான் எடுத்திருந்தார். மற்றவர்கள் போனபின் மேசைக்கு வந்தார். "தங்கச்சி, ஏரிக்கு ஞாயித்துக்கிழமை போறதா போட்டிருக்கீங்க. திங்கக்கிழமைக்கு மாத்த முடியுமா?" என்றார். திங்கட்கிழமை அங்கே பாதிக் கடை மூடியிருக்கும், ஒன்றும் பார்க்க முடியாது என்று சொன்னேன். இதற்கு முன் சென்னையைத் தாண்டாத அந்த அம்மா, பக்கத்து ஊர்ச் சந்தையைப் பற்றிப் பேசுவது போல நிதானமாகச் சொன்னார்: "மூடியிருக்கட்டும். திங்கக்கிழமைன்னாதான் அங்க ஆளு இருக்கும்."

பின்பக்கமாக நடந்தவர்

பெர்கமோவில் இரண்டு ஊர் உண்டு. கீழே புதிய ஊர், மேலே மதில் சூழ்ந்த பழைய ஊர். கீழிருந்து மேலே போக, பழனியில் இருக்கிற விஞ்ச் மாதிரி கம்பியால் இழுக்கும் ஒரு ரயில்பெட்டி. நாங்கள் ஏறிய காலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பெட்டி கிளம்பியதும் கீழே இருந்த ஊர் கரைந்துபோய்விட்டது. எல்லோரும் மேலே பார்த்து உட்கார, சரோஜாக்கா மட்டும் கீழே பார்த்து உட்கார்ந்தார். தலைசுற்றும் அக்கா என்றேன். பரவாயில்லை என்றார்.

மேலே இறங்கியதும் கருங்கல் பாவிய ஒரு சந்து மேட்டில் ஏறுகிறது. இருபுறமும் உயரமான கல்வீடுகள். நான் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பாதி தூரம் போயிருப்போம், பின்னால் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். திரும்பினேன். சரோஜாக்கா புடவைக்குமேல் போட்ட கறுப்புக் கோட்டோடு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, பின்பக்கமாகவே மேடேறி வந்துகொண்டிருந்தார். ஒரு கல்கூட இடறவில்லை. அவ்வப்போது நின்று, இறக்கத்தைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி பின்பக்கமாக இரண்டு எட்டு. விசாலம் என் கையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னார்: "ஏம்மா உமா, அந்தப் பொம்பளைக்குக் கால் தரையில படுதான்னு கொஞ்சம் குனிஞ்சு பாரேன்."

ஜன்னலில் இருந்த கிழவர்

மேலூரில் பார்க்க வேண்டியது நிறைய உண்டு. பெரிய சதுக்கம், சிங்கங்கள் காவலிருக்கும் நீரூற்று, பளிங்கில் செதுக்கிய கோயில், உயரமான மணிக்கூண்டு. நான் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நடுவில் சரோஜாக்கா, "இப்படி எறங்குனா துணி தொவைக்கிற தொட்டி வரும், மேல இரும்புக் கொட்டகை போட்டிருக்கும்" என்றார். அந்த ஊருக்கு நான் பலமுறை வந்தவள். அப்படி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவரைப் பார்த்தேன், அவர் நடந்தார். இப்போது முன்பக்கமாக, வேகமாக. சந்து திரும்பியது. இரும்புக் கொட்டகையும் அதன் அடியில் நீளமான கல்தொட்டியும் அங்கே இருந்தன. பழைய காலத்தில் ஊர்ப் பெண்கள் வந்து துணி அலசும் இடம் என்று எழுதி வைத்திருந்தது.

அக்கா தொட்டியைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. "இதுல ஒரு பெரியவர் உக்காந்திருப்பாரு. கை ஆட்டுவாரு" என்றார். யாருமில்லை அக்கா, வாங்க என்று நான் இழுத்தேன். அங்கிருந்து கொஞ்சம் தள்ளிச் சுவரில் வரிசையாகத் தாள் ஒட்டியிருந்தார்கள். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிற மாதிரி அந்த ஊரிலும் இறந்தவர் படம் போட்டு ஒட்டுவார்கள். மழையில் ஊறி ஓரம் பிரிந்த ஒரு தாளில், வெள்ளை மீசை வைத்த ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அதன் முன்னால் நின்று கைகூப்பினார். பிறகு துக்க வீட்டில் சொல்வது போல மெல்லச் சொன்னார்: "அடடா, இவரும் போயிட்டாரா."

உள்ளங்கை அளவு

இதற்குப்பிறகு எங்கள் ஆட்கள் சரோஜாக்காவை விட்டு ஒரு கை இடைவெளியில் நடந்தார்கள். தட்சிணாமூர்த்தி சார் பையிலிருந்து திருநள்ளாற்று விபூதியை எடுத்து மனைவிக்கும் பூசி, தானும் பூசி, யோசித்து எனக்கும் பூசிவிட்டார். பயத்தைப் போக்க இனிப்பைவிட நல்ல மருந்து இல்லையென்று எல்லோரையும் ஒரு மிட்டாய்க் கடைக்குள் அழைத்துப் போனேன். அந்த ஊரின் பெயர்போன பலகாரம் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மஞ்சளாக, அரை உருண்டையாக, கிண்ணத்திலிருந்து கவிழ்த்த கேசரி மாதிரி. மேலே சாக்லேட்டில் செய்த குட்டிப் பறவைகள் இறகை ஒடுக்கிக் கிடந்தன. முன்பெல்லாம் நிஜக் குருவியைச் சுட்டு மக்காச்சோளக் களிமேல் வைத்துத் தின்பார்களாம், அந்த நினைவாக இது என்று விளக்கினேன். சொல்லியிருக்கக் கூடாது. தட்சிணாமூர்த்தி சார் ஒரு அடி பின்னால் போனார்.

அப்போது உள்ளேயிருந்து கடைக்காரர் தட்டோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும், பருத்த உடம்பு, கையெல்லாம் மாவு. எங்கள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை சரோஜாக்காமேல் நின்றது. தட்டைக் கீழே வைத்தார். "சரோஜா" என்றார்.

உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. விசாலம் "முருகா" என்றார். சரோஜாக்கா மட்டும் பயப்படவில்லை. தெரிந்தவரிடம் தலையசைப்பது போல அசைத்தார். அந்த மனிதர் சுற்றிவந்து அவருக்கு நாற்காலி போட்டார், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிப்போய் வேகவேகமாகப் பேசினார். எனக்குத் தெரிந்தது ஹோட்டலில் சாவி கேட்கும் அளவுக்கு இத்தாலியன், மெதுவாகச் சொன்னால்தான் புரியும். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைக்காரர் தன் வெறும் கையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டி, மெதுவாகச் சொன்னார். "தினமும் இந்த வழியாக வருவாரே! ஆனால் இவ்வளவு பெரிய ஆள் என்று நினைக்கவில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கை அளவுதான் இருப்பார்."

மூன்று மணிக்கு விளக்கேற்றியவர்

தனியாக வருகிற பெண்களுக்கு அறைத்துணை நான்தான். ஹோட்டலுக்குத் திரும்பியதும் மற்றவர்கள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் எங்கள் அறைக்குள் போனபோது பிற்பகல் மூன்று மணி. வெளியே அதற்குள்ளேயே அந்தி மாதிரி இருட்டு. சரோஜாக்கா மேசைமேல் போனை நிற்கவைத்து, அதன் முன்னால் ஒரு சின்ன அகலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். போன் திரை கறுப்பாக இருந்தது. ஹோட்டலில் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்கிற பயம்தான் எனக்கு முதலில் வந்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அகலை அணைக்கச் சொல்ல வாய் வரவில்லை. "என்னக்கா இது?" என்று மட்டும் கேட்டேன்.

"நம்ம ஊர்ல இப்ப விளக்கு வைக்கிற நேரம் தாண்டிடுச்சு. இந்நேரத்துக்குத்தான் அவரு கூப்பிடுவாரு" என்றார். அவர் கணவர் செல்வராஜ் பாரிஸில் இருந்த ஒரு பங்காளியை நம்பிக் கிளம்பியவர், எப்படியோ பெர்கமோவில் ஒரு ஓட்டலில் சமையல்கட்டு வேலைக்கு வந்து சேர்ந்தார். பல வருஷம் அங்கேயே. மதியச் சாப்பாட்டுக் கடை முடிந்து, மேலூரிலிருந்து கீழூர் அறைக்கு நடக்கும்போது வீடியோ கால் போட்டுப் போனை முன்னால் பிடித்துக்கொள்வார். சந்து, தொட்டி, கிழவர், மிட்டாய்க் கடை எல்லாம் தினமும் காட்டுவார். மேலிருந்து கீழே வரும் வழி மட்டும்தான் அக்காவுக்குத் தெரியும். ஏறும்போது பிடிபடவில்லை என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன் செல்வராஜ் சமையல்கட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். பெட்டியில்தான் ஊருக்கு வந்தார். "நானேதான் தொறந்து பாத்தேன். அரசலாத்தங்கரையில காரியம் பண்ணோம். அதுல எனக்குச் சந்தேகம் ஒண்ணுமில்ல" என்றார். சந்தேகம் வேறு ஒன்றில். திங்கட்கிழமை ஓட்டலுக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் காலையிலேயே கூப்பிட்டு, ஏரிக்குப் போகிறேன், படகில் ஏறினால் சிக்னல் கிடைக்காது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அத்தனை வருஷமும் ஒரு திங்கட்கிழமை கூட ஏரியைக் காட்டியதில்லை. காரியத்துக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி, அங்கே ஒருத்தியை வைத்திருப்பார் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது போதுமே. அகல் திரி சாய்ந்ததைத் தூண்டிவிட்டுக்கொண்டே சரோஜாக்கா சொன்னார்: "இருந்தா இருக்கட்டும் தங்கச்சி. ஒரு தரம் மொகத்தைப் பாத்துட்டு வந்துடுவேன், வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

படகில் ஒரு குரல்

அக்கா கேட்டபடியே நாளை மாற்றி, திங்கட்கிழமை ஏரிக்கரை ஊருக்குப் பேருந்தில் போனோம். நடுஏரியில் மலை மாதிரி ஒரு தீவு இருக்கிறது. அதற்குப் படகில் சில நிமிஷம்தான். ஆனால் அன்றைக்குத் தீவும் இல்லை, ஏரியும் இல்லை. துறையில் நின்றால் வெள்ளையாக ஒரு சுவர், அதற்குள்ளிருந்து மணியோசை. தட்சிணாமூர்த்தி சார், "அக்கரையே தெரியலையேம்மா, இதுக்கா காசு கட்டினோம்?" என்றார். விசாலத்திடம் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அதனால் பயம் போய் அவருக்குப் பரிதாபம் வந்திருந்தது. சரோஜாக்காவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தன் கம்பளியில் பாதியை அவருக்குப் போர்த்தினார்.

படகு நகர்ந்ததும் அக்கா போனை எடுத்துக் கணவருடைய பழைய எண்ணுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் இத்தாலியனில் பேசியது. இளம் குரல், கொஞ்சம் சிரித்த மாதிரி. "மூணு வருஷமா இவதான் எடுக்கிறா. ரெக்கார்டுன்னு தெரியும். வீட்டுல தனியா இருக்கறப்ப கேட்டா ரெக்கார்டு மாதிரி இருக்காது. என்ன சொல்றா?" என்றார். இந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறாள் என்றேன். "அவ்வளவுதானா?" என்று மூச்சு விட்டார். பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நடுஏரியில் இருந்தோம். திரையின் மூலையில் எல்லாக் கோடுகளும் முழுசாக நின்றன. "அப்ப இங்க சிக்னல் இருக்கு" என்றார் சரோஜாக்கா.

வாங்கம்மா, சாப்டீங்களா

தீவில் இறங்கியதும் வாசனைதான் முதலில் வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரைக்காலில் பிறந்த மூக்குக்கு அதில் சந்தேகமே வராது. கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் காலையில் பஸ்ஸில் போனால் வருமே, அதே கருவாட்டு வாசனை. கரையோரத்து வீடுகளின் தாழ்வாரத்தில், வில்லாக வளைத்த குச்சிகளில் ஏரிமீன்களைக் கோத்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில்லை. ஆனாலும் மீன்கள் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

கடைசி வீட்டில் நீலக் கதவு. வாசலில் ஒரு கிழவி சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். எங்கள் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சரோஜாக்காவைப் பார்த்தார். "வாங்கம்மா. சாப்டீங்களா?" என்றார்.

தமிழில். அதுவும் நம் ஊர் இழுப்போடு. தட்சிணாமூர்த்தி சார் அறைந்தாற்போல் நின்றுவிட்டார். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கிழவிக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், மற்றதெல்லாம் தீவு வழக்கில் இத்தாலியன். பெயர் தெரேசா. செல்வராஜ் என்றதும் முகம் மலர்ந்தது. உள்ளே கூட்டிப் போய்ப் பின்முற்றத்தைக் காட்டினார். அங்கே ஒரு குச்சியில் தனியாகச் சில மீன்கள். மற்றவை போல் இல்லை. முதுகுப்பக்கம் கீறி, விரித்து, மஞ்சள் தடவியிருந்தன. நம் ஊர் முறை.

சரோஜாக்கா குச்சியின் கிட்டே போனார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பயணம் முழுவதும் நான் பார்க்காத சிரிப்பு. திங்கட்கிழமை அவருக்குச் சோமவார விரதம். வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டார். கணவரும் எங்கே இருந்தாலும் திங்கட்கிழமை கவிச்சி தொடுவதில்லை என்று சாமிபடத்தின் முன்னால் சத்தியம் செய்திருந்தார். வாரத்தில் ஒரே விடுமுறை நாள், அதுவும் திங்கட்கிழமை. மனுஷன் என்ன செய்வார்? கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் குச்சியைப் பார்த்தே கேட்டார்: "இந்த நாத்தத்தை மறைக்கத்தான் சிக்னல் இல்லைன்னீங்களா?"

போன திங்கள்

இத்தோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுத்தான் எழுதியிருப்பேன். கிழவி காபி போட்டுக் கொடுத்தார். நான் மரியாதைக்காக, செல்வராஜ் அடிக்கடி வருவாரா என்று கேட்டேன். திங்கட்கிழமைதோறும் வருகிறார் என்றார் தெரேசா. வருவார் என்று சொல்லவில்லை, வருகிறார் என்றார். நம் இத்தாலியன்தான் அரைகுறை என்று நினைத்து மறுபடி கேட்டேன், கையை முன்னும் பின்னும் ஆட்டி, பழைய காலத்திலா என்று. கிழவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காலையில் வருகிறார். பின்முற்றத்தில் உட்கார்ந்து மீனைக் கீறுகிறார். இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. ஈரமாக இருக்கிறார். அடுப்பருகே வா என்றால் வரமாட்டேன் என்கிறார். போன திங்களும் வந்தார்.

பின்முற்றத்துக் கதவு திறந்திருந்தது. விசாலம் போய் அதைச் சாத்தினார். நான் மஞ்சள் மீன்களைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக் கருவாடு அப்படி இருக்காது. முழுசாகக் காயக்கூட இல்லை. வாலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. யார் கீறியது என்று கிழவியின் கையைப் பார்த்தேன். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். விரல்கள் வாதத்தில் கோணி, மடங்கி, மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்தன. கத்தி பிடிக்கிற கை இல்லை.

சரோஜாக்காவுக்கு நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து, குச்சியிலிருந்து ஒரு மீனை எடுத்து மோந்து பார்த்தார். விரதம் என்பதை மறந்தாரோ, வேண்டுமென்றே செய்தாரோ தெரியாது, ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தார். வெகுநேரம் மென்றார். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "உப்பு கம்மி. அவரு கை எப்பவும் அப்படித்தான்."

டிக்கெட் ஜன்னல்

கிளம்பும்போது கிழவியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் இறந்து மூன்று வருஷமாகிறது, உங்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது என்று இத்தாலியனில் மனதுக்குள் கோத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். சரோஜாக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வேண்டாம் தங்கச்சி" என்றார். கிழவி வாசல்வரை வந்து கோணல் விரலை ஆட்டி, இன்னொரு தமிழ் வாக்கியத்தைச் சொன்னார். "போயிட்டு வர்றேன்." போகிறவர் சொல்ல வேண்டியதை இருக்கிறவர் சொன்னார். செல்வராஜ் கிளம்பும்போது சொல்லக் கேட்டுக் கற்றது அப்படி. தினமும் அவர் போன் வைக்கும்போது அக்கா கேட்ட அதே தொனியாக இருந்திருக்க வேண்டும். சரோஜாக்கா ஒரு நொடி ஆடிப்போனார். பிறகு, "சரிங்க. பாத்துப் போங்க" என்றார்.

துறையில் டிக்கெட் கொடுப்பவரிடம் மெதுவாக விசாரித்தேன். தெரேசாவுக்குக் கொஞ்சநாளாக ஞாபகம் சரியில்லை என்றார். நல்லது, அதுதான் விஷயம் என்று எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் மீனைக் கீறித் தருவது அக்கம்பக்கத்தவரா என்று கேட்டேன். இங்கே யாரும் முதுகைக் கீறுவதில்லையே, வயிற்றைத்தானே கீறுவோம் என்றார். வெளியாள் யாராவது திங்கட்கிழமைகளில் வருகிறாரா, எங்களைப் போல் கறுத்த ஆள்? அவர் ஜன்னலுக்கு வெளியே பனியைக் காட்டினார். "இந்தக் குளிர்காலத்தில் யார் முகம் தெரிகிறது, சினியோரா? எனக்குத் தெரிவதெல்லாம் ஜன்னலுக்குள் நீளும் கைகள்தான்."

படகில் எல்லோரும் உள்ளே உட்கார்ந்தார்கள். சரோஜாக்கா மட்டும் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு தீவு இருந்த பக்கம் பார்த்தபடி நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தக் கிழவிக்குத் தெரிய வேண்டாமா அக்கா என்றேன். "எனக்குத் தெரியும், எம் பொண்ணுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்" என்றார். தண்ணீரில் பனி புகையாக ஓடியது. "எங்கயாவது ஒரு இடத்துல அவரு வந்துட்டுப் போயிட்டு இருக்கட்டுமே."

மஞ்சள்தூள்

ஊருக்கு வந்தபின் தட்சிணாமூர்த்தி சார் லாட்ஜில் தங்குகிற ஒவ்வொருவரிடமும் இத்தாலிக் கதையைச் சொல்லி வருகிறார். அவர் சொல்வதில் கிழவிக்கு வாலே முளைத்துவிட்டது. சரோஜாக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கோடை முடிந்து, அடுத்த குழுவுக்கு நோட்டீஸ் அடித்த வாரத்தில் ஆபீசுக்கு வந்தார். மறுபடி வருகிறீர்களா அக்கா, போன தடவையைவிடச் சலுகை போடச் சொல்கிறேன் என்றேன். எனக்கு எதுக்கு என்று சிரித்தார். பையிலிருந்து இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நீலக் கதவு வீட்டில் கொடுத்துவிட வேண்டும் என்றார். கல்லுப்பும் ஒரு பொட்டலம் கூட இருந்தது. சுங்கத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது என்று இழுத்தேன். அதெல்லாம் நீங்க பாத்துக்குவீங்க என்கிற மாதிரி என் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். கதவருகே போய்த் திரும்பி, கடைக்குப் போகும் ஆளிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்: "மறந்துடாதீங்க தங்கச்சி, வாராவாரம் தடவுனா இந்நேரம் மஞ்சத்தூள் தீந்திருக்கும்."

விமானம், விசா, சாப்பாடு, படகு எல்லாம் அடக்கம் என்று எங்கள் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். அடங்காதவர்களைப் பற்றித்தான் அதில் ஒரு வரியும் இல்லை.